நாற்பத்தொன்பது டிகிரி

நாற்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் உப்பளத்தில் வேலையை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். அன்றைய வெப்பம் எவ்வளவு என்பதை அமைச்சரவை காலையிலேயே முடிவுசெய்து அனுப்பிவிடும். அதை ஒலிபெருக்கியில் வாசிப்பது கிளாட்வினின் வேலை. போன மே மாதம் அவன் முப்பத்தெட்டு என்று வாசித்த நாளில்தான், அவன் மனைவி ஜெசிந்தா பாத்தியில் சுருண்டு விழுந்து இறந்தாள்.

இன்று வந்த தாளிலும் முப்பத்தெட்டுதான். சுவரிலிருந்த கருவி நாற்பத்தொன்பது காட்டியது.

"அமைச்சரவைக்குத் தெரியாத வெயிலா உமக்குத் தெரிஞ்சிட்டு? வாசியும் வே," என்றார் கணக்கப்பிள்ளை.

கிளாட்வின் ஒலிபெருக்கியில், "நாப்பத்தொம்பது," என்றான்.

"சோலி போச்சு வே உமக்கு."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கண்ணுக்கெட்டிய வெள்ளைப் பரப்பெங்கும் இரண்டாயிரம் பேர் உப்பு வாரும் பலகைகளைப் போட்டுவிட்டு நிழலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். இத்தனை உயிர்களை அவன் ஒருசேரக் கண்டதே இல்லை.