ஒரு நேரத்துக்கு ஒரு விஷயம்

"ஒரு நேரத்துக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்க. சின்னச் சின்னதாச் சொல்லுங்க. நடுவுல கேள்வி கேக்காதீங்க," என்றாள் சட்டமன்ற உறுப்பினரின் செயலாளர், கதவைத் திறப்பதற்கு முன்னால்.

மகளுக்காக மனு எடுத்து வந்திருந்த டிரைவிங் ஸ்கூல் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டம் போடுகிற ஆளுக்கு யாராவது ஊட்டியும் விட வேண்டுமா? ஆனாலும் தலையாட்டி வைத்தாள். நாலு மாதம் நடையாய் நடந்து கிடைத்த பத்து நிமிடம் இது.

உள்ளே பாதி விளக்குகளை அணைத்து, ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டிருந்தார்கள். பகல் பதினொரு மணிக்கே தூக்கத்துக்கு ஏற்பாடு நடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

உறுப்பினருக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. மைக்கைப் பிடித்தால் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் என்று பெயர் வாங்கியவர். கையிலிருந்த சின்ன அட்டையைப் பார்த்துத்தான் அவளுக்கு வணக்கம் சொன்னார்.

வணக்கத்துக்கும் ஒரு அட்டை. டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஏறிய ஒவ்வொரு அலுவலகத்திலும் முதலில் சொல்வதையே இங்கும் சொன்னாள். "வயித்துல குழந்தை இருக்குன்னு தெரியாம மூணு மாசம் குடிச்சேன். தெரிஞ்ச பிறகும் என்னால உடனே விட முடியல. அதுல என் பொண்ணோட மூளை பாதிச்சிருச்சு."

பதினெட்டு வருடமாக அவள் ஒரு சொட்டு தொட்டதில்லை. எத்தனை தடவை சொன்னாலும் அந்த மூன்று வாக்கியங்கள் மட்டும் அவளுக்குப் பழகவே இல்லை.

பிறகு விவரத்துக்கு வந்தாள். மகளுக்கு இருபத்து மூன்று வயது. கலகலவென்று பேசுவாள், பார்க்கிறவர்கள் ஒரு குறையும் சொல்ல மாட்டார்கள். ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் மண்டையில் நிற்காது. துணி வெளுக்கும் கம்பெனி, பேக்கரி, பூக்கடை என்று மூன்று இடத்திலும் திமிர் பிடித்தவள், சோம்பேறி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். புத்திசாலித்தனத்துக்கு வைக்கும் பரீட்சையில் தேறிவிடுவதால் அரசாங்கத்தின் உதவிப் பட்டியலிலும் அவளுக்கு இடமில்லை. பட்டியலில் சேர்த்துவிட்டால், வேலை செய்யுமிடத்தில் பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கும். அடுத்த வாரம் வரப்போகும் மசோதாவில் ஒரே ஒரு வரி கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

உறுப்பினர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "சரி, உங்க ஸ்கூல்ல என்ன குறை?" என்றார்.

அது கார் ஓட்டக் கற்றுத்தரும் இடம், அதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு, டீச்சர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை வேண்டுமென்றே நிறுத்தி, இழுத்து, ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துவதுபோலச் சொன்னாள். பாதியிலேயே அவர் செயலாளர் பக்கம் திரும்பிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார். பன்னிரண்டுக்கு என்றாள் அவள். அந்த நேரம் பார்த்து வெளியே நடைபாதையில் யாரோ இரும்பு மேசையைத் தரதரவென்று இழுத்தார்கள்.

உறுப்பினரின் முகம் சிவந்துபோனது. "போதும் நிறுத்துங்க. குடிச்சது நீங்க, பதில் சொல்ல வேண்டியது அரசாங்கமா? வேலை தெரியாதவங்களுக்கு எவன் வேலை குடுப்பான்?" என்றவர், உடனே, "அக்கா, சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று மறுபடி கேட்டார்.

அறுபதை நெருங்கும் செயலாளரை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டதுதான் அந்த அறையில் டீச்சர் கண்ட ஒரே மரியாதை.

பன்னிரண்டுக்கு என்று செயலாளர் அதே குரலில் சொன்னாள். கோபமும் இல்லை, சலிப்பும் இல்லை. இன்னொரு அட்டையை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் படித்தார், மூச்சை இழுத்து விட்டார், பழைய சிரிப்போடு, வந்ததற்கு நன்றி என்றார். பத்து நிமிடத்தில் இரண்டு பாக்கி இருந்தது.

லிஃப்ட் வரை செயலாளரும் கூடவே வந்தாள். டீச்சரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"ரெண்டு நிமிஷம் முன்னாடி சொன்னது அவருக்கு ஞாபகம் இல்ல. மேசை இழுத்ததுக்கு என்மேல எரிஞ்சு விழறாரு. இந்த மாதிரி ஆளை யாருங்க வேலைக்கு வச்சது? என் பொண்ணு இவரைவிட எவ்வளவோ மேல்."

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். "நாளைக்குக் காலையில தெளிவா இருப்பான். அப்ப உங்க வரியை நான் எடுத்துச் சொல்றேன். கண்டிப்பா சேத்துடுவான்."

'இருப்பார்' என்று சொல்ல வேண்டியவள் 'இருப்பான்' என்கிறாளே என்று டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என் தம்பிதான்," என்றாள் செயலாளர். "ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்து அவன் பக்கத்துலயே நிக்கிறேன். நான் இல்லேன்னா அவனையும் மூணு கடையிலேர்ந்து துரத்தியிருப்பாங்க."

லிஃப்ட் வந்து திறந்தது. டீச்சர் உள்ளே போகவில்லை. செயலாளர் நடைபாதையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்க அம்மாவும் குடிச்சாங்க."