இருபத்திநாலாவது புகார்

"நாத்தம் கொடலப் பொரட்டுது. நீங்க என்னடான்னா பூச்செடி வெச்சி வெளாடறீங்க!"

ஆபீஸ் போன் டக்குனு கட்டாயிடுச்சு. ஆறு மாசத்துல இருபத்திநாலாவது புகார். எல்லாமே ஒரே ஆள்: பிரெஞ்சு பட்டாளத்துலேர்ந்து ரிட்டயரான சொல்தா பிரான்சுவா.

அரியாங்குப்பத்துச் சாக்கடத் தண்ணியச் சுத்தம் பண்ணி பார்க் மரங்களுக்கு விடணும். ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு மெஷின், கரண்ட் பில் எகிறும். இன்னொண்ணு, ஜல்லியக் கொட்டி பாத்தி கட்டி கல்வாழ நடறது. கரண்டே வேணாம், அழுக்க வேரு பாத்துக்கும்.

ஜூனியர் இன்ஜினியர் கலைவாணன் பிரான்சுவா வீட்டுச் செவுத்துக்குப் பின்னால ஒரு பாத்தி போட்டுப் பாத்தான். தண்ணி கண்ணாடி மாதிரி வந்துச்சு.

"ஒரு புகார் பாக்கி இருந்தாலும் மெஷின்தான்"னுட்டாரு பெரிய அதிகாரி. நாளைக்கு முடிவு.

"கெழவனுக்கு மெஷின் கம்பெனிக்காரன் எதுனா தள்ளியிருப்பான்"னு ஆபீஸே பேசுச்சு.

புகார் வந்தா நேர்ல போய்ப் பாக்கணும், அது வழக்கம். கலைவாணன் புகார வாபஸ் வாங்கற பாரத்தோட போனான். தேச்ச சட்ட, பாலிஷ் போட்ட ஷூவோட பிரான்சுவா வாசல்லயே நின்னாரு. மேசையில ரெண்டு கப்பு.

"உக்காருங்க தம்பி. அடுப்புல பால் வெச்சிருக்கேன்."

"முசியே, எனக்கு ஒரு நாத்தமும் வரலியே?"

"அப்ப உங்க மூக்கக் காட்டுங்க டாக்டர்கிட்ட. எனக்குச் சோறு எறங்கல…"

அவரு நாத்தத்தப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தாரு. உள்ள பால் தீஞ்சு, கூடமெல்லாம் கருகல் நாத்தம். அவரு பேச்ச நிறுத்தல.

கலைவாணன் ஓடிப்போய் அடுப்ப அணைச்சான்.

"இது தெரியலியா உங்களுக்கு?"

பிரான்சுவா கப்பையே பாத்தாரு. "கொரோனாவுல போன மூக்கு தம்பி. திரும்பி வரல."

"அப்ப இருபத்திநாலு புகாரு?"

"உயிரோட இருக்கேன்னு வருஷத்துக்கு ஒருக்கா பிரான்சுக்கு சர்ட்டிபிகேட் அனுப்பறேன், பென்ஷனுக்கு. மிச்ச நாளு யாரு கேக்கறா? பொண்ணு வெரோனிகா பாரிசுல. புகார் குடுத்தா நீங்க உடனே வந்துடறீங்க."

கலைவாணன் வாயத் தொறக்கறதுக்குள்ள பாரத்த இழுத்துக் கையெழுத்துப் போட்டாரு.

"கல்வாழ செவப்பா பூத்திருக்கு. கண்ணு இன்னும் இருக்குதே எனக்கு. அதப் புடுங்க விடாதீங்க."

அப்புறம் மெதுவா, "இனிமே இந்தப் பக்கம் வேல இருக்காது, இல்ல?"

கலைவாணன் பாரத்த மடிச்சுப் பையில வெச்சான்.

மறுநாள் கல்வாழதான் ஜெயிச்சுது. பராமரிப்பு விதியில கடசி வரிய மட்டும் கலைவாணன் கையால எழுதிச் சேத்திருந்தான்:

"வாரம் ஒருமுறை அலுவலர் நேரில் சென்று, அமர்ந்து, நாற்றம் உண்டா என்று திரு. பிரான்சுவாவிடம் கேட்டறிய வேண்டும். இந்த வட்டாரத்திலேயே கூர்மையான மூக்கு அவருடையது."