பிடுங்கித் தின்றவர்

"மனுஷனா இவரு? அக்கா வாய்க்குப் போற பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்னுட்டாரே!"

டைப்பிஸ்ட் பெண் போட்ட சத்தத்தில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி அது. பிடுங்கியவர் ஸ்டோர்கீப்பர். எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருப்பதால் 'அரவை மில்' என்று பெயர். பறிகொடுத்தவர் டெலிபோன் அக்கா. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்தால், ஆள் போய்ச் சேரும்வரை பேசித் தேற்றுவது அவர் வேலை.

அப்போதும் ஒருவர் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றபடி போனிலேயே உயில் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"சார், மெக்கானிக் கிளம்பியாச்சு. வீட்டை யாருக்கு எழுதறதுன்னு வெளியே வந்து நிதானமா யோசிங்க."

இந்த மும்முரத்தில் டைப்பிஸ்ட் பாசமாய் வைத்த வால்நட் பிஸ்கட்டோடு அக்காவின் கை தன் பாட்டுக்கு வாய்க்கு ஏறியது. உதட்டைத் தொடும் நேரத்தில்தான் அரவை மில் பாய்ந்தது.

"போகட்டும் விடும்மா," என்றார் அக்கா. மனசுக்குள் சொல்லிக்கொண்டது வேறு: நல்லவேளை, தின்னவில்லை!

ஆறு மாதமாக அக்காவின் முகம் திடீர் திடீரென்று சிவந்தது. 'காதலா அக்கா?' என்றாள் டைப்பிஸ்ட். 'பிரஷர்' என்றார் மேனேஜர். வயிறும் அடிக்கடி கலக்கியது. கடைசியில் டாக்டர்தான் கண்டுபிடித்தார். சூலகத்தில் ஒரு கட்டி. மிக அபூர்வமான ரகம். பாதி நரம்பு, பாதி சுரப்பி போல நடந்துகொள்ளும் செல்களிலிருந்து வளர்வது. அது ரத்தத்தில் கொட்டும் சுரப்புதான் இத்தனை சிவப்புக்கும் காரணம்.

"திங்கட்கிழமை எடுத்துடலாம்," என்றிருந்தார் டாக்டர். "ஆனா மயக்க மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி அது எவ்வளவு சுரக்குதுன்னு எனக்குத் தெரியணும். ஒரு நாள் முழுக்கப் போற சிறுநீரைச் சொட்டு விடாம இந்தக் கேன்ல பிடிங்க. அது முடியறவரைக்கும் இந்தப் பட்டியல்ல இருக்கிற எதையும் வாயில வைக்காதீங்க. வச்சா கணக்கு கெட்டுப் போயிடும், மறுபடி முதல்லேருந்து. ஆபரேஷனும் தள்ளிப் போகும்."

பட்டியலில் வால்நட் மூன்றாவது. அன்னாசி நாலாவது.

லீவையெல்லாம் ஆபரேஷனுக்குச் சேர்த்து வைத்திருந்ததால், அக்கா கேனோடு வேலைக்கு வந்துவிட்டார். கறுப்புப் பைக்குள், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே கேன். அவர் பாத்ரூம் போகும்போதெல்லாம் பையும் கூடவே போனது.

"தங்கக் கட்டியா அக்கா உள்ளே?"

"அதைவிட ஒசத்தி."

மூன்று மணிக்கு மேனேஜர் அன்னாசி கேக்கோடு வந்தார். மகள் பரீட்சையில் தேறிவிட்டாளாம்.

"எனக்கு வேண்டாம் சார்."

"என் பொண்ணு பாஸானது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லை சார்..."

டைப்பிஸ்ட் குனிந்து கிசுகிசுத்தாள். "வயித்துக் கலக்கல், முகச் சிவப்பு, கேக் வேண்டாம்... விசேஷமா அக்கா?"

"நாற்பத்தேழு வயசுல என்னடி விசேஷம்!"

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "என் கையாலேயே ஊட்டறேன். வாயைத் திறங்க!"

முடியாது என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால், சாயங்காலத்துக்குள் மெக்கானிக்குகள் வரை அவருடைய சூலகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வார்கள். அக்கா விழித்தார். கேக் மூக்கு நுனிவரை வந்துவிட்டது.

குறுக்கே ஒரு கை நீண்டது. மேனேஜரின் விரல்களில் க்ரீம் மட்டும் மிச்சம்.

"யோவ்!" என்று கத்தினார் மேனேஜர். "அது அவங்க பங்கு!"

அரவை மில் விழுங்கினார். மேனேஜர் அக்காவின் தட்டில் வைத்திருந்த இன்னொரு துண்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"காலையில பிஸ்கட், இப்போ கேக்கு," என்றாள் டைப்பிஸ்ட். "அக்கா, நாளைக்கு நாற்காலியைக்கூடத் தின்னுடுவாரு, சங்கிலி போட்டுப் பூட்டிட்டுப் போங்க."

"எல்லார் முன்னாடியும் அவங்ககிட்ட மன்னிப்புக் கேளும்!" என்றார் மேனேஜர்.

"பசி தாங்கலை. மன்னிச்சுடும்மா," என்றார் அவர், தலையைக் குனிந்தபடி.

ஐந்து மணிக்கு அக்கா பையோடு ஸ்டோர் ரூமுக்குப் போனார். இரும்புக் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே அரவை மில் கழுத்தைப் பரபரவென்று சொறிந்துகொண்டிருந்தார். கழுத்தெல்லாம் தடிப்பு.

"என்னண்ணே இது?"

"அன்னாசி எனக்கு ஆகவே ஆகாதும்மா."

"அப்புறம் எதுக்கு..."

"கேன் எப்போ முடியுது? நாளைக் காலையிலயா?"

அக்கா பையை அணைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"என் வீட்டுக்காரியும் இப்படித்தான் பையோட அலைஞ்சா. அவளுக்குக் கட்டி குடல்ல. எடுத்து எட்டு வருஷமாச்சு. இப்போ தெருமுனை வரைக்கும் கேக்கற மாதிரி என்னைத் திட்டறா. அவ்வளவு தெம்பு!"

அக்காவுக்கு அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"எல்லாரும் உங்களை வாய்க்கு வந்தபடி பேசினாங்களே அண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உங்க விஷயம். நான் எப்படிம்மா சொல்றது?"

"உங்க வீட்டம்மா கொடுத்து வச்சவங்க. பட்டியலையே மனப்பாடம் பண்ணி வச்சிருக்கீங்க."

அவர் சொறிவதை நிறுத்தினார்.

"அவ ரெண்டு தடவை கேன் பிடிச்சாம்மா. முதல் தடவை கெடுத்ததே நான்தான். ஒண்ணும் தின்னாம கிடக்காளேன்னு, பாசத்துல ஒரு வாழைப்பழத்தை உரிச்சு ஊட்டிவிட்டுட்டேன்."