கம்பெனிச் சாப்பாடு

அம்மா இன்று எனக்குத் தட்டு வைக்கவில்லை.

ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம். மற்ற நாட்களில் களி உருண்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும் ஆவி பறக்க இருக்கும். நான் சட்டை மாட்டிக்கொண்டே, கம்பெனியில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்பேன். அவள் தட்டை மூடி வைப்பாள்.

இன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. தப்பித்தேன் என்றுதான் முதலில் தோன்றியது.

கிருஷ்ணகிரியில் படித்தபோது காலேஜ் விடுதி அறையில் நாங்கள் மூன்று பேர். பாலக்காட்டுக்காரன் இன்டர்நெட் சென்டரில் எதையோ படித்துவிட்டு வந்து தேங்காயெண்ணெய் சேர்ப்பதை விட்டான். பெங்களூர்க்காரன் காபியை விட்டான். நான் வெள்ளைச் சோற்றை விட்டேன். யார் சுத்தமாகச் சாப்பிடுகிறார்கள் என்று போட்டி.

செமஸ்டர் முடிந்த அன்று அவர்கள் இருவரும் பிரியாணிக் கடைக்குப் போனார்கள்.

நான் போகவில்லை.

அப்புறம் எண்ணெய் போயிற்று. உப்பு போயிற்று. கடைசியில் பிறர் கை பட்ட எதையும் விழுங்க முடியவில்லை. லேபில் மயங்கி விழுந்தேன். அல்சர் என்று டாக்டர் சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. படிப்பு நின்றது. நானே ஊறவைத்து முளைகட்டித் தின்ற பச்சைப்பயறு மட்டும் நிற்கவில்லை.

ஒசூரில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்தபோது எல்லோரும் வேண்டாம் என்ற நைட் ஷிப்டை நான் கேட்டு வாங்கினேன். வீட்டில், கேன்டீனில் சாப்பிட்டதாகச் சொல்வேன். கேன்டீனில், வீட்டில் சாப்பிட்டு வந்ததாகச் சொல்வேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் கிடையாது.

பெல்ட்டில் ஆணியால் புதிய ஓட்டை போட்டிருந்தேன். இன்று கிளம்பும்போது அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வெளியே வந்ததும் அவளும் வந்தாள். கதவைப் பூட்டினாள். கடைக்குப் போகிறாள் என்று நினைத்தேன். பஸ் நிற்கும் இடத்தில் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

கம்பெனி பஸ் வந்தது. எனக்கு முன்னால் ஏறினாள்.

என் லைனில் வேலை செய்யும் பூபதி எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தான்.

"வாங்கக்கா. கேன்டீன்ல பரிமாற உங்களச் சேத்துட்டாங்களாமே. உங்க பையனால உங்களுக்கு வேலையே இருக்காது. ஐயா தெனமும் ஊட்டுலயே மூக்கு முட்டத் தின்னுட்டுதான் வருவாரு."

பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து கேன்டீன்காரர்கள் போடும் பச்சைத் தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டினாள். கொண்டையை உள்ளே தள்ளினாள்.

"இன்னிக்கு ஊட்டுல ஒலையே வெக்கலப்பா. ரெண்டு பேரும் அங்கயே சாப்புட்டுக்கறம்."

கிளீனர் கதவை இழுத்துச் சாத்தினான். பஸ் கிளம்பியது.

நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கிக்கொள்வது வழக்கம்தானே. நின்றுகொண்டிருந்த என்னிடம் அம்மா கையை நீட்டினாள். என் பையைக் கொடுத்தேன்.

மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே துணியில் கட்டியிருந்த பயறின் ஈரம் மெல்ல அவள் புடவையில் இறங்கியது.

அவள் பையின் மேலிருந்து கையை எடுக்கவேயில்லை.