பத்தாயிரம் அடிகள்
இருட்டிய ஸ்கேன் அறையில் கணவரின் இதயம் திரையில் சாம்பல் நிறத்தில் துடிக்கிறது. இடது ஓரம் மட்டும் அசையவில்லை. "நடந்தா இதயச் செல்லுக்குள்ள சக்தி தர்ற சின்னச் சின்ன அடுப்புங்க பெருகும்மா. செத்த செல் திரும்ப முளைக்காது," என்று அந்த ஓரத்தைத் தொட்டுக் காட்டுகிறார் ஸ்கேன் எடுப்பவர். மனைவி அவசரமாக அடி எண்ணும் கடிகாரத்தை நீட்டுகிறாள். "தினம் பத்தாயிரம் அடி நடக்குறாரே, பாருங்க!" படுத்திருப்பவர் கண்களை மூடிக்கொள்கிறார். "அதை நம்ம நாய் கழுத்துல கட்டிவிட்டுட்டு பூங்கா பெஞ்சுல உட்கார்ந்திருப்பேன்டி. அதோட இதயம் ஜோரா இருக்கும்." திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் விட்டுவிட்டு அடிக்கிறது. "ரெண்டு வருஷமா உங்களுக்காக நானும் உப்பில்லாமத்தானே சாப்பிட்டேன்," என்கிறாள். ஸ்கேன் கருவியை எடுத்ததும், கணவர் மார்பில் பூசிய குளிர்ந்த பசையைக் காகிதத்தால் துடைக்கிறாள். அசையாத அந்த ஓரத்துக்கு மேலே மட்டும், மெதுவாக, திரும்பத் திரும்ப.