சின்னச் சோலி

"மலை கொட்டுது. கதவைச் சாத்திக்க, புள்ள" என்று குடையை எடுத்தார் தங்கவேலு.

ஹட்டன் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த அவருக்கு ழகரம் மட்டும் நாக்கில் ஏறாது. மழையும் மலையும் ஒன்றுதான். முன்பெல்லாம் இதைக் கேட்டு மனைவி பரிமளம் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை.

"எங்க போறீங்க?"

"வட்டவளைக்கு. ஒரு சின்னச் சோலி."

"போன ஞாயித்துக்கிழமையும் அதானே சொன்னீங்க? அங்க எவளோ வீட்டு வாசல்ல நின்னீங்களாமே, பக்கத்துக் கடை மர்சூக் நானா பாத்திருக்காரு."

"ஆமா, நின்னேன். அந்தம்மாகிட்டதான் சோலி."

பரிமளத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தெருமுனை தாண்டியதும், பூண்டுலோயா அண்ணன் வீட்டுக்குப் போகப் பெட்டியைக் கட்டினாள்.

சாயங்காலம் நனைந்து வந்தவர், பெட்டியைப் பார்த்து முழித்தார். பிறகு மடியை அவிழ்த்து, அவள் உள்ளங்கையில் ஒன்றை வைத்தார்.

நகத்தளவு கடல் நத்தை ஓடு. மஞ்சள் முதுகுள்ள குட்டிச் சோழி!

"தாயம் ஆடுறதுல ஒண்ணு தொலைஞ்சு போச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தியே? இந்தக் காட்டுல கடலா இருக்கு? அந்தம்மா ராமேஸ்வரத்துலேருந்து கொண்டாந்தது, இன்னைக்குத்தான் மனசு வந்து குடுத்துச்சு. சின்னச் சோலி, சின்னச் சோலின்னு நான் சொல்லிட்டுத்தானே புள்ள போனேன்?"