முட்டி வரைக்கும் சேறு

"உம் புருசனும் தம்பியும் உப்பளத்துல மீன் புடிக்கிறாங்களாமே?"

பக்கத்து வீட்டு சகாயசெல்வி கேட்டுவிட்டுப் போனாள். கேட்டதுகூடப் பரவாயில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அம்சவள்ளிக்கு மானமே போய்விட்டது.

மழை பிடித்து உப்பு வேலை நின்ற நாளிலிருந்து இதே கூத்துதான். மிச்ச உப்பைக் குவித்து ஓலை போட்டு மூடியாயிற்று. ஊரில் மற்ற ஆம்பளைகள் கிளியனூர் பக்கம் நடவுக்கும் கட்டட வேலைக்கும் ஓடுகிறார்கள். அவள் புருஷன் பாலகுரு மட்டும் மழைத்தண்ணி தேங்கிய உப்புப் பாத்தியில் தூண்டில் வீசிப் பழகுகிறான். ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரர் வேண்டாமென்று கொடுத்த தூண்டில். புழுவெல்லாம் கிடையாது. முள்ளில் பூச்சி மாதிரி இறகைக் கட்டி, சாட்டை சுழற்றுகிற மாதிரி வீச வேண்டுமாம். நீலகிரியில் ஒரு டேமுக்குக் கீழே ஓடுகிற ஆற்றில் ட்ரவுட் என்று ஒரு மீன் இருக்கிறதாம். அது இப்படி வீசினால்தான் மாட்டுமாம். அதைப் பிடிக்க அங்கேயே போகப்போகிறானாம்.

தனியாகப் போய்த் தொலைந்தாலும் சரிதான். அவள் தம்பி அறிவழகனையும் அல்லவா கூட்டுச் சேர்த்துக்கொண்டான்.

போன வருஷப் புயலில் ஓடைக்கரை உடைத்துக்கொண்டு வந்த தண்ணி, அறிவழகனோடு நின்று உப்பை மூடிக்கொண்டிருந்த தங்கராசுவை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதோடு சரி, அறிவழகன் வேலைக்கே போகவில்லை. முதலில் அம்சவள்ளி தம்பிக்காக அழுதாள். அப்புறம் பேசாமல் சோறு போட்டாள். இப்போதெல்லாம் "சோம்பேறி" என்று நாலு பேர் எதிரிலேயே திட்டுகிறாள். பொங்கல் கழித்து, புது உப்புக்காகத் தண்ணியில் நின்று பாத்தி மிதிக்க வராவிட்டால் அவன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று உப்பள மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார். திட்டாமல் என்ன செய்வாள்?

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அவள் வாசலுக்கு வந்தபோது, பாலகுரு அந்த டேம் பக்கத்து ஆள் யாரோடோ போனில் இருந்தான்.

"டேமுல சங்கு ஊதறது ஆத்துல நிக்கறவனுக்கு நல்லாக் கேக்குங்களா? தொறக்கறதுக்கு எவ்ளோ முன்னாடி ஊதுவாங்க? கரைக்கு ஏற டைம் இருக்குமில்ல? சரிங்க, சரிங்க."

எவ்வளவு மீன் கிடைக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"உசுரு மேல இவ்ளோ பயம் இருக்கறவரு எதுக்குங்க அங்க போகணும்?" என்றாள்.

"டேமைத் தொறந்தா ஆறு ஏறுமில்ல. அதான் கேட்டுக்கினேன்."

"புடிச்ச மீனையாவது வீட்டுக்குக் கொண்டாருவீங்களா?"

"இல்ல அம்சா. திரும்ப ஆத்துலயே வுட்டுடுவோம்."

அவளுக்கு வந்ததே கோபம்.

"வுடறதுக்கு எதுக்குப் புடிக்கணும்? நம்ம ஓடையில இல்லாத மீனா? நீங்க எப்படியோ போங்க, அவன ஏன் கெடுக்கறீங்க? பாத்தி மிதிக்க வராதவனுக்கு மலையேத்தம் ஒண்ணுதான் கொறச்சல்."

"டிக்கெட் போட்டாச்சி. அவன் வராம நான் போவ மாட்டேன்."

"தொவைக்கறவளக் கேட்டீங்களா?" அறிவழகன் அவிழ்த்துப் போட்டிருந்த பேன்ட்டை எடுத்துப் புருஷன் முன்னால் போட்டாள். "மொத நாளு வரப்பு மண்ணு ஒட்டியிருந்துச்சி, சும்மா இருந்தேன். அப்புறம் கணுக்கால் வரைக்கும் சேறு. இன்னிக்குப் பாருங்க, முட்டிக்கே ஏறிடுச்சி. உப்பளத்துச் சேறு லேசுல போவுமா?"

பாலகுரு பேன்ட்டை விரித்துப் பார்த்தான். என்னவோ மெடல் வாங்கின மாதிரி பார்த்தான். அவளுக்கு இன்னும் எரிச்சல்.

அறிவழகன் அடிபம்பில் குளித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, பாலகுரு குரலைத் தாழ்த்தினான்.

"அவன் சோம்பேறி இல்ல அம்சா. தண்ணின்னா பயம். மொத நாளு பாத்திக்குள்ள கால் வெக்காம வரப்புலயே நின்னுட்டான். தூண்டில் மேல ஆசை காட்டித்தான் கொஞ்சம் கொஞ்சமா எறக்கினேன். நின்ன தண்ணியில முட்டி வரைக்கும் வந்துட்டான். இனிமே ஓடற தண்ணியில நிக்கணும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா?"

"பயந்தாங்கொள்ளின்னு நீ நெனைக்கறதுக்கு, சோம்பேறின்னு திட்டு வாங்கறதே மேலுன்னான்."

அம்சவள்ளி அடிபம்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இருந்தாலும் விடவில்லை.

"ஓடற தண்ணிக்கு மலைக்குத்தான் போகணுமா? இங்க ஓடை இல்லியா?"

"நம்ம ஓடை அன்னிக்கு சொல்லிட்டா வந்துச்சி? அங்க சங்கு ஊதிட்டுத்தான் தொறப்பாங்க. தண்ணி சொல்லிட்டு வர்ற எடத்துல மொதல்ல நிக்கட்டும். அப்புறம் இங்கயும் நிப்பான்."

அவள் குனிந்து பேன்ட்டை எடுத்துக்கொண்டாள். முட்டிக்கு நேராக இருந்த சேற்றுக் கோட்டைக் கையால் தடவினாள்.

அறிவழகன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். அக்காவின் கையில் பேன்ட்டைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"ரொம்ப சேறாயிடுச்சாக்கா? நாளைக்குப் பாத்து எறங்கறேன்."

"பாக்கவெல்லாம் வேணாம்டா," என்றாள் அம்சவள்ளி. "நாளைக்கு இடுப்பு வரைக்கும் எறங்கு. தொவைக்கறது நான்தானே."